இறையாட்சி: ஆறு மாலை வேதபாடம் நடத்த வன்னிச் சபைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில் அன்பியக் கூட்டமோ (அயல்வீட்டுக் கத்தோலிக்கர் கூடும் சிறு குழு) வீட்டு ஜெபக்கூட்டமோ நடத்துகிறவர்கள் "தேவனுடைய ராஜ்யம்" என்ற தலைப்பைத் தொடத் தயங்குவார்கள். அரசு, எல்லை, கொடி, வெற்றி என்ற பேச்சுக்கு இங்கே ஒவ்வொரு வீடும் விலை கொடுத்திருக்கிறது. அதனால் பலர், "அது செத்த பிறகு போகிற மோட்சம்" என்று ஒரு வசனத்தோடு முடித்துவிட்டுப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். வேறு சிலர் மறுபக்கம் சாய்ந்து, நல்ல வீதியும் நல்ல விளைச்சலும் வந்தால் அதுதான் இறையாட்சி என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் களைத்த சனத்துக்குத்தான் நீங்கள் பாடம் நடத்தப் போகிறீர்கள்.

ஆறு மாலையும் ஒரே விளக்கத்தின்மேல் நிற்க வேண்டும். கடவுள் அரசராக இருந்து ஆளுவதே இறையாட்சி. கிறிஸ்துவில் அது தொடங்கிவிட்டது. அவர் திரும்ப வரும்போது நிறைவடையும். ஆவிக்குரியது என்பதால் அது மண்ணில் கால் படாத ஒன்றாகிவிடாது. நித்தியமானது என்பதால் சாவு வரை காத்திருக்கவும் தேவையில்லை.

ஆயத்தம்

முதலில் நாள் பாருங்கள். காலபோக (மாரிமழை நெல்) விதைப்பு நேரத்திலும் அறுவடை நேரத்திலும் தொடங்கினால் மூன்றாம் மாலைக்கு நாலு பேர்தான் இருப்பார்கள். நெல் வீட்டுக்கு வந்தபின் தபசுகாலத்தோடு சேர்த்து வைப்பது நல்லது. இரணைமடு போன்ற பெரிய குளங்களின் கீழ் சிறுபோகமும் (வருடத்தின் இரண்டாம் நெல்) செய்கிற ஊர் என்றால் ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன் முடித்துவிடுங்கள். யூலை 2, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாக்களுக்கு முந்திய இரண்டு கிழமையும் சரிவராது. கரையோர ஊர்களில் கடலுக்குப் போகாத ஞாயிறு பின்னேரமே பொருத்தம்.

8 பேரிலிருந்து 14 பேர் வரை ஒரு குழு. அதற்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். கூட்டம் பெருத்தால் கதைக்கிறவர்கள் மூன்று பேராகச் சுருங்கிவிடுவார்கள், அந்த மூவரும் எப்போதும் அதே மூவர்தான். பாய் விரித்து வட்டமாக இருங்கள். முழங்கால் ஏலாதவர்களுக்குக் கதிரை போடுங்கள். நேரம் 75 நிமிடம்: பாட்டும் செபமும் 10, வாசிப்பு 15, கலந்துரையாடல் 35, கேள்விச்சீட்டு 10, முடிவுச் செபம் 5. தேத்தண்ணி முடிவில்தான். நடுவில் கொடுத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

கத்தோலிக்கரும் மெதடிஸ்தரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் பெந்தெகொஸ்தே சபையினரும் ஒரே ஒழுங்கையில் வாழ்கிற ஊர்கள் இவை. ஆகவே வட்டத்தில் இரண்டு வகை வேதாகமம் இருக்கும். பக்க எண் சொல்லாதீர்கள். அதிகாரமும் வசனமும் சொல்லுங்கள். ஒருவர் கையில் "ரோமர்" இருக்கும், மற்றவர் கையில் "உரோமையர்". ஒன்றில் "பரலோகராஜ்யம்", மற்றதில் "விண்ணரசு". முதல் நாளே இதைச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் தடுமாற மாட்டார்கள். ஒவ்வொரு மாலைக்கும் உரிய வசனங்களை 16 புள்ளி எழுத்தில் ஒரே தாளில் அடித்துப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள். கண்ணாடியை வீட்டில் விட்டு வரும் ஆச்சிமாருக்கும் அப்போதுதான் வாசிக்கக் கூடியதாக இருக்கும்.

கேள்விச்சீட்டு என்பது வெறும் துண்டுக் கடதாசி. பேர் எழுதாமல் கேள்வி எழுதிப் பேணிக்குள் போட வேண்டும். எழுத ஏலாதவருக்குப் பக்கத்திலிருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும். வாயால் கேட்க முடியாத கேள்விகள் இந்தப் பேணிக்குள்தான் வரும். அடுத்த மாலைக்கு ஆயத்தம் செய்யும்போது வேறெதையும்விட இவை உங்களுக்கு உதவும்.

முதல் மாலை: அரசர் யார்

மாற்கு 1:14–15 இல் தொடங்குங்கள். "காலம் நிறைவேறிற்று, தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று" என்பதே மாற்கு நற்செய்தியில் இயேசு பேசும் முதல் வார்த்தை. உடனே மத்தேயு 4:17 ஐ வாசிக்க விடுங்கள். அதே பிரசங்கம், ஆனால் "பரலோகராஜ்யம்". இரண்டையும் அருகருகே வைத்தால், பரலோகராஜ்யம் மேலே வேறொரு இடம், தேவனுடைய ராஜ்யம் கீழே வேறொரு இடம் என்ற குழப்பம் ஐந்து நிமிடத்தில் தீரும்.

பிறகு பின்னணி. 2 சாமுவேல் 7:12–16 இல் தாவீதின் வழியில் என்றும் நிலைக்கும் சிங்காசனம் வாக்களிக்கப்படுகிறது. தானியேல் 2:31–45 இல் பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு எனப் பேரரசுகள் அடுக்காக வந்து, கையால் பெயர்க்கப்படாத ஒரு கல்லால் நொறுங்குகின்றன. தானியேல் 7:14 இல் மனுஷகுமாரனுக்கு அழியாத ஆளுகை கொடுக்கப்படுகிறது. லூக்கா 1:33 இல் கபிரியேல் மரியாளுக்குச் சொல்வது இவற்றின் தொடர்ச்சி: "அவருடைய ராஜ்யத்துக்கு முடிவிராது."

இங்கே ஒரு பொறி உண்டு. சிலையின் எந்தப் பகுதி எந்த நாடு என்று யாராவது தொடங்குவார்கள்; பத்து விரல்களுக்கும் இன்றைய பத்து அரசாங்கங்களைப் பொருத்தும் காணொளிகள் தொலைபேசிகளில் நிறைய ஓடுகின்றன. அந்தப் பக்கம் போகாதீர்கள். 2:44 ஐத் திருப்பி வாசித்து, எந்த அரசு நிலைக்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

இரண்டாம் மாலை: "இவ்வுலகத்திற்குரியதல்ல"

ஆறில் கடினமானது இதுதான். அடுத்தநாள் விடியப் பயணம் இருப்பவர்களுக்கும் முன்பே சொல்லி, 15 நிமிடம் கூட்டி வையுங்கள்.

வாசிக்க வேண்டியவை மூன்று. யோவான் 6:14–15: ஐயாயிரம் பேர் அப்பம் சாப்பிட்டபின் இயேசுவைப் பிடித்து அரசராக்கப் பார்க்கிறார்கள், அவர் தனியே மலைக்கு விலகிப் போகிறார். யோவான் 18:33–37: பிலாத்துவின் முன் "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்கிறார். அப்போஸ்தலர் 1:6–8: உயிர்த்தெழுந்த பிறகும் சீஷர்கள், "ஆண்டவரே, இக்காலத்திலா இஸ்ரவேலுக்கு ராஜ்யத்தைத் திரும்பக் கொடுப்பீர்?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்வியை முட்டாள்தனமாகக் காட்டாதீர்கள். அந்நியப் படை வீதியில் நிற்கிற மண்ணில் வாழ்ந்தவர்கள் கேட்ட கேள்வி அது. இயேசு அவர்களைத் திட்டவுமில்லை. காலங்களை அறிவது உங்களுக்கு உரியதல்ல என்று சொல்லிவிட்டு, சாட்சிகளாகப் போகச் சொல்கிறார்.

"இவ்வுலகத்திற்குரியதல்ல" என்றால் இந்த உலகத்தோடு தொடர்பில்லை என்று பொருள் கொள்வதே பரவலான பிழை. அந்த வசனத்திலேயே இயேசு விளக்குகிறார்: இவ்வுலகத்துக்குரியதாக இருந்தால் என் ஊழியக்காரர் போராடியிருப்பார்கள். இந்த ஆட்சி எங்கிருந்து வருகிறது, எந்த ஆயுதத்தால் நிற்கிறது என்பதே பேச்சு. அது வாளால் வந்ததல்ல, வாளால் எடுக்கவும் முடியாது. ஆனால் பிலாத்துவின் மாளிகையிலேயே நின்று, உண்மைக்குச் சாட்சி சொல்ல வந்தேன் என்று அது பேசுகிறது. ஆகவே அநியாயத்தைப் பார்த்தும் பேசாதிருக்க இந்த வசனத்தைச் சாட்டாக எடுக்க முடியாது.

பேணிக்குள் நிச்சயம் வரும் ஒரு கேள்வி: "வேதம் வெள்ளைக்காரனின் அரசோடுதானே வந்தது?" மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். போர்த்துக்கேயர் ஆண்ட இடங்களில் சிலுவையும் கோட்டையும் சேர்ந்தே நின்றன. 1544 இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி மன்னாரில் ஞானஸ்நானம் பெற்ற மக்களைக் கொல்வித்தபோது, அவர்கள் வழியாகப் போர்த்துக்கேயர் உள்ளே வருவார்கள் என்ற அச்சமும் அதில் இருந்தது. 1658 இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தபின் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். ஒரு கிறிஸ்தவ அரசே கிறிஸ்தவர்களைத் துரத்தியது. மாந்தையிலிருந்து, இன்று மடுவில் இருக்கும் மாதாவின் சுரூபத்தோடு காட்டுக்குள் போன குடும்பங்களின் வரலாறு அந்தக் காலத்தது. 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளுக்குப் பின்னால் எந்தப் படையும் இல்லை, எந்த அரசின் கடிதமும் இல்லை. அவருடைய கால்நடைப் பயணங்கள் வன்னிக் காடுகளுக்குள்ளும் போயின. அரசுகளோடு சேர்ந்து நின்றபோது சபை எதை இழந்தது, அரசு இல்லாதபோது எது நிலைத்தது என்பதைச் சனமே கதைக்கட்டும். நீங்கள் தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

இந்த மாலையில் எந்தக் கட்சியின், இயக்கத்தின், படையின் பெயரையும் நீங்களாக எடுக்காதீர்கள். யாராவது எடுத்தால் தடுக்கவும் வேண்டாம். கேட்டுவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். வட்டத்தில் இருப்பவர்கள் வெவ்வேறு பக்கத்தில் பிள்ளைகளைக் கொடுத்தவர்களாக இருக்கலாம்.

மூன்றாம் மாலை: எப்படி நுழைவது

சுருக்கமாகப் போகலாம். யோவான் 3:1–8 (நீரினாலும் ஆவியினாலும் பிறத்தல்), மாற்கு 10:13–16 (சிறுபிள்ளையைப் போல), மாற்கு 10:23–27 (செல்வந்தன்), கொலோசெயர் 1:13 (இருளின் அதிகாரத்திலிருந்து குமாரனின் ராஜ்யத்துக்கு). கொலோசெயர் வசனத்தின் காலத்தைக் கவனிக்க வையுங்கள். "உட்படுத்தினவர்" என்று முடிந்த செயலாகச் சொல்கிறது. விசுவாசி இன்றே அந்த ஆட்சியின் குடிமகன்.

ரோமர் 14:17 இந்த மாலைக்கு அச்சாணி: "தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல, அது நீதியும் சமாதானமும் பரிசுத்த ஆவியினாலுண்டாகும் சந்தோஷமுமாயிருக்கிறது." ரோமச் சபையில் சாப்பாட்டை வைத்து ஒருவரை ஒருவர் குற்றம் சொன்ன இடத்தில் பவுல் இதை எழுதினார். பக்கத்து வீட்டுப் படையலைச் சாப்பிடலாமா, பொங்கலுக்குப் போகலாமா என்ற சண்டை தொடங்கினால் 14 ஆம் அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள்.

ஞானஸ்நானம் எப்போது, எப்படி என்பதில் சபைகள் வேறுபடும். அதை இங்கே தீர்க்க முயன்றால் நாலாம் மாலைக்குப் பாதிப் பேர் வரமாட்டார்கள். அவரவர் தங்கள் அருட்தந்தையிடமோ போதகரிடமோ கேட்கட்டும்.

நான்காம் மாலை: வளர்கிற ஆட்சி

கமக்காரர் நிறைந்த வட்டத்தில் இந்த மாலையை நடத்துவது எளிது என்று நினைப்பீர்கள். உண்மையில் கமக்காரர்தான் கடுமையாகக் கேள்வி கேட்பார்கள். அது நல்லது.

விதைக்கிறவன் உவமையில் (மாற்கு 4:1–20) முப்பது, அறுபது, நூறு மடங்கு என்றதும் யாரும் வியக்க மாட்டார்கள். ஏக்கருக்கு 2 புசல் விதைத்து 80 புசல் எடுப்பவருக்கு நாற்பது மடங்கு வழமையான கணக்கு. ஆகவே முன்கூட்டியே சொல்லுங்கள்: அது கோதுமைக்காடு, அந்தக் காலத்தில் பத்து மடங்கு கிடைத்தாலே நல்ல விளைச்சல். அதற்குப் பிறகுதான் நூறு மடங்கின் எடை தெரியும். புளித்தமா உவமையிலும் (மத்தேயு 13:33) அளவைக் காட்டுங்கள்: மூன்று படி மா என்பது ஒரு வீட்டுச் சட்டிக்குரியதல்ல, 20 கிலோவுக்குக் குறையாது, நூறு பேருக்கு அப்பம் சுடலாம். சிறிய, மறைந்திருக்கிற தொடக்கத்துக்கும் முடிவின் பெருக்கத்துக்கும் இடையிலுள்ள தூரமே இந்த உவமைகளின் பொருள். மாற்கு 4:26–29 இல் விதைத்தவன் தூங்கி எழும்புகிறான். எப்படி முளைக்கிறதென்று அவனுக்கே தெரியாது. ஊழியத்தில் எண்ணிக்கை காட்டிப் பெருமைப்படுகிறவர்களுக்கும் எண்ணிக்கை குறைந்ததென்று சோர்ந்தவர்களுக்கும் இந்த நாலு வசனமும் போதும்.

களைகளின் உவமைக்கு (மத்தேயு 13:24–30, 36–43) 20 நிமிடம் ஒதுக்குங்கள். "களை பிடுங்காமல் விடுகிறவன் எப்படிப்பட்ட கமக்காரன்?" என்று நிச்சயம் கேட்பார்கள். உவமையில் வரும் களை இளம்பயிராக இருக்கும்போது கோதுமையிலிருந்து பிரித்தறிய முடியாத ஒன்று. கதிர் தள்ளும்போதுதான் தெரியும், அதற்குள் வேர்கள் பின்னிக்கொள்ளும். வயலில் களைநெல் வந்து அவதிப்பட்டவர்களுக்கு இதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. பிறகு 38 ஆம் வசனம்: நிலம் உலகம். இயேசு சொல்லித்தருவது கமமல்ல. தீர்ப்பு யார் கையில், எப்போது என்பதைத்தான். அரிவாள் எங்கள் கையில் தரப்படவில்லை. துரோகி என்ற பேர் எவ்வளவு இலகுவாக ஒட்டப்பட்டது, அதனால் என்ன நடந்தது என்பதை வன்னியில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள். இந்த இடத்தில் நீண்ட மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

திராட்சைத் தோட்டக் கூலிகளின் உவமையை (மத்தேயு 20:1–16) நேரம் இருந்தால் சேருங்கள். நாட்கூலிக்குப் போகிற பெண்கள் இருந்தால் அவர்களையே வாசிக்க விடுங்கள். காலை ஆறு மணிக்கு வந்தவருக்கும் பின்னேரம் ஐந்துக்கு வந்தவருக்கும் ஒரே தெனாரியம். அது அன்றைய ஒருநாள் கூலி, ஒரு குடும்பத்தின் அன்றைய சாப்பாடு. "அது அநியாயம்" என்று சிலர் சொல்வார்கள். "கடைசி மணி வரை ஒருத்தரும் கூப்பிடாத ஆளின் வீட்டிலும் உலை வைக்க வேணுமே" என்று வேறொருவர் சொல்லும் வரை பொறுத்திருங்கள். பெரும்பாலும் யாராவது சொல்வார்கள்.

ஐந்தாம் மாலை: முடிவில்லாதது

போர் முடிந்த மாதமான மே மாதத்தில் இந்த மாலை வந்தால் இன்னும் கவனம் தேவை. தொடங்குமுன் குழுவில் யாருடைய வீட்டில் யார் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் "உங்கட பிள்ளை இப்ப இறையாட்சியில இருக்கிறார்" என்று சொல்லவே சொல்லாதீர்கள். ஆறுதல் என்று நீங்கள் நினைத்துச் சொல்வது, அவர்களுக்குப் பிள்ளையை நீங்களே புதைப்பதுபோல் கேட்கும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடங்கிய போராட்டத்தில் வருடக்கணக்காக இருப்பவர்கள் அவர்கள். மரித்தோரின் பெயர்ப்பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்க்கவும் கூடாது, "இருந்தார்" என்று கதைக்கவும் கூடாது. முதல்நாளே வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்: "அம்மா, தம்பியின்ர பேரை நாளைக்குச் செபத்தில சொல்லட்டோ? எப்பிடிச் சொல்ல வேணும்?" அவர் சொல்கிறபடி செய்யுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். லூக்கா 20:38 இறந்தவர்களின் குடும்பத்துக்கும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பத்துக்கும் வாசிக்கக்கூடிய வசனம்: அவர் ஜீவனுள்ளோரின் தேவன், எல்லாரும் அவருக்குப் பிழைத்திருக்கிறார்கள். விளக்கம் சேர்க்காமல் வாசித்துவிட்டு நிறுத்துங்கள்.

பிறகு எபிரெயர் 12:26–28. அசையத்தக்கவை அசைக்கப்படும், "அசைவில்லாத ராஜ்யம்" நிலைக்கும். 2008 ஏப்ரலில் மடுவிலிருந்து மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, ஓகஸ்டில் திரும்பியதை அறிந்தவர்கள் இதை வாசிக்கிறார்கள். கோயிலும் வீடும் வளவும் அசைந்த அனுபவம் அவர்களுக்கு உண்டு. எதெல்லாம் அசைந்தது என்று கேட்டால் பதில் நிறைய வரும். எது அசையவில்லை என்று கேட்டபின் வருகிற பதிலைத் திருத்தாதீர்கள். சிலர் "ஒன்றுமில்லை" என்றும் சொல்வார்கள்.

அடுத்து 1 கொரிந்தியர் 15. கூர்ந்து வாசிக்கிற ஒரு இளைஞர் 24 ஆம் வசனத்தில் நிற்பார்: குமாரன் ராஜ்யத்தைப் பிதாவுக்கு ஒப்புக்கொடுக்கிறார் என்றால், முடிவிராது என்ற லூக்கா 1:33 என்னாவது? பழைய கேள்வி இது. நாலாம் நூற்றாண்டில் அன்கிரா நகரின் ஆயர் மார்செல்லுஸ் குமாரனின் ஆட்சிக்கு ஒரு முடிவு உண்டு என்று போதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். அந்தப் போதனைக்கு எதிராகவே கி.பி. 381 இன் விசுவாசப் பிரமாணத்தில் அவருடைய ஆட்சிக்கு முடிவிராது என்ற வரி நிற்கிறது; ஞாயிறுதோறும் அதைச் சொல்பவர்கள் வட்டத்திலேயே இருப்பார்கள். ஒப்புக்கொடுப்பது என்றால் ஆட்சி ஓய்வது அல்ல. பகைவர் எல்லாம் அடங்கி, கடைசிப் பகையான மரணமும் ஒழிந்து, மீட்பின் வேலை நிறைவேறிப் பிதாவின் கையில் சேர்வது.

50 ஆம் வசனமும் தடக்கும்: மாம்சமும் இரத்தமும் ராஜ்யத்தைச் சுதந்தரிக்க மாட்டாது. இதை வைத்து உடம்பு தேவையில்லை, ஆவி மட்டும் போகும் என்பார்கள். மூன்று வசனம் தள்ளி வாசிக்க வையுங்கள்: அழிவுள்ள இது அழியாமையைத் தரித்துக்கொள்ளும். உடல் கழற்றப்படுவதில்லை, மாற்றப்படுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 21:1–4 இலும் மனிதர் மேலே பறந்து போவதாக இல்லை. நகரம் இறங்கி வருகிறது, கண்ணீர் துடைக்கப்படுகிறது. அடக்கம் செய்ய உடல் கிடைக்காத குடும்பங்களுக்கு உடல் உயிர்த்தெழுதல் பற்றிய இந்தப் போதனை எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இறந்தவர்களுக்காகச் செபிப்பது கத்தோலிக்க வழக்கம்; சீர்திருத்த சபையினர் பெரும்பாலும் நன்றி செலுத்துவதோடு நிறுத்துவார்கள். இரண்டுக்கும் இடம் விட்டு ஐந்து நிமிட மௌனச் செபம் வையுங்கள்.

ஆறாம் மாலை: "உம்முடைய ராஜ்யம் வருக"

மத்தேயு 6:9–13 ஐயும் 25:31–46 ஐயும் மட்டும் எடுங்கள். "பூமியிலேயும்" என்ற இடத்தில் நிறுத்தி, இந்த ஊரில் அடுத்த முப்பது நாளுக்குள் செய்யக்கூடிய ஒரு காரியத்தைக் குழு தெரிவுசெய்யட்டும். பெரியதாக வேண்டாம். தனியாக இருக்கும் ஒரு ஐயாவை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப் போவது, பெண் தலைமை தாங்கும் வீட்டின் வேலியை அடைத்துக் கொடுப்பது, பேச்சு முறிந்த இரண்டு வீட்டுக்கும் போய்வருவது. யார், எந்த நாள் என்று கொப்பியில் எழுதுங்கள். பேர் எழுதாத தீர்மானம் நடக்காது. இதைச் செய்வதால் நாங்கள் இறையாட்சியைக் கட்டுகிறோம் என்று சொல்லாதீர்கள். வேதாகமம் அதைப் பெறுவதாக, நுழைவதாக, தேடுவதாகத்தான் பேசுகிறது. நுழைந்தவரின் நடை இது, அவ்வளவுதான்.

முடிவில் பேணிக்குள் ஆயிரவருட ஆட்சி பற்றி ஏழெட்டுச் சீட்டாவது இருக்கும். வெளிப்படுத்தின விசேஷம் 20 இல் மட்டும் அந்த ஆயிரம் வருடம் வருகிறது. கிறிஸ்து வந்தபின் நடக்கும் ஆட்சி என்று பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் போதிக்கிறார்கள். இப்போதைய சபையின் காலத்தைக் குறிக்கும் உருவகம் என்று அகுஸ்தீன் விளக்கினார். கத்தோலிக்கரும் பழைய சீர்திருத்த சபையினர் பலரும் அந்த வழியில் நிற்கிறார்கள். வருகைக்கு முன் சுவிசேஷம் பரவி வரும் பொற்காலம் என்பது மூன்றாவது கருத்து, இங்கே அதிகம் கேட்கக் கிடைக்காது. மூன்றையும் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு, வருகையின் திகதி சொல்கிற எவரையும் நம்ப வேண்டாம் என்று மத்தேயு 24:36 ஐக் காட்டுங்கள்.

ஏழாம் மாலையும் வைப்போம், வெளிப்படுத்தின விசேஷம் முழுதும் படிப்போம் என்று கேட்பார்கள். முப்பது நாள் கழித்து, கொப்பியில் எழுதிய வேலை நடந்ததா என்று பார்க்கக் கூடும்போது அதைப் பற்றிக் கதைக்கலாம் என்று சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கான நாளை, ஆறாம் மாலைத் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் குறித்துவிடுங்கள்.